ஆடினது யாரு?

கேமராவை ட்ரைபாட்ல வச்சுதான் ராத்திரி வானத்தை எடுத்தேன், இருந்தும் ஒரு நட்சத்திரம்கூட புள்ளியா விழல, எல்லாமே குட்டி குட்டி கோடு.

கை பட்டு ஆடிருச்சோன்னு 2 செகண்ட் டைமர் போட்டேன். அப்பவும் கோடுதான்.

ஆட்டோஃபோகஸ் வேற இருட்டுல எதைப் பிடிக்கறதுன்னு தெரியாம முன்னாடி பின்னாடி ஓடிட்டே இருந்துச்சு, கடுப்பாகி மேனுவலுக்கு மாத்தி, பளிச்சுனு இருந்த ஒரு நட்சத்திரத்தை ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணி அது ஊசிமுனை ஆகுற வரைக்கும் ரிங்கைத் திருப்பினேன் (மூச்சுகூட விடல).

ம்ஹூம்.

அப்புறம்தான் உறைச்சுது. 24 எம்எம் லென்ஸ், ஷட்டர் திறந்திருந்தது 30 செகண்ட். நட்சத்திரம் கோடாகாம இருக்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார் கேமரா) 500ஐ லென்ஸோட எம்எம்மால, அதாவது 24ஆல வகுத்தா, சுமார் 20 செகண்ட்தான் தாங்கும்.

ஆடினது கேமரா இல்ல, பூமி!

அந்த ஷாட்டை டெலீட் பண்ண மனசு வரல. நிக்கிற தரை சுத்துதுன்னு ஸ்கூல்ல படிச்சதோட சரி, இன்னைக்குதான் கண்ணால பார்த்தேன்.