ரயிலுக்குக் கட்டிய புளியோதரை

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வீடு வரவே ஏழு மணி, எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும், அதனால் புளிக்காய்ச்சலை வியாழன் இரவே நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு வைத்துவிட்டேன். சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்டுத்தான் கிளற வேண்டும், சூட்டோடு கட்டினால் வியர்த்து ஊசிப்போகும். மகள் வாழையிலையை அடுப்பில் வாட்டிக் கொடுத்தாள், அவர் தண்ணீர் பாட்டில்களை நிரப்பினார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தனிப் பொட்டலம்.

அப்புறம் தாம்பரம் தாண்டியதும் கீழ் பெர்த்தில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்து இலையைப் பிரித்தபோது எழுந்த அந்த வாசனை இருக்கிறதே, ஒரு வார அலுப்பும் அதிலேயே போய்விட்டது.

காலையில் மதுரையில் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “புளியோதரை மிச்சம் இருக்காம்மா?”

“உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன் அத்தை.”