கால் இடித்ததால் வந்த கதவு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டிங்கரிங் வேலையில் ஊறிய மூத்தவர்களிடம் பழைய பியட் 1100 பற்றிக் கேளுங்கள். முன்கதவு திருப்பிப் போட்டது என்பார்கள். கீல் பின்னால், பூட்டு முன்னால். ஓட்டத்தில் பூட்டு விட்டுப்போனால் எதிர்க்காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். பியட் அந்தப் பழக்கத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் போர்டு நிறுவனத்தின் சொகுசு கார் லிங்கன் கான்டினென்டல் 1961-ல் அதைப் பின்கதவில் கொண்டுவந்தது. ஒய்யாரத்துக்காக வைத்தது என்றுதான் படத்தைப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது இடப் பற்றாக்குறைக்குக் கண்ட வைத்தியம்.

கான்டினென்டல் முதலில் ஒரே ஒருவருக்காகச் செய்த கார். ஹென்றி போர்டின் மகன் எட்சல் போர்டு, யூஜின் கிரெகோரி என்ற வடிவமைப்பாளரிடம் சொல்லி லிங்கன் செஃபிர் காரைத் தாழ்த்தி, நீட்டி, ஸ்பேர் வீலை டிக்கிக்குப் பின்னால் வெளியே மாட்ட வைத்தார். 1939-ல் புளோரிடாவுக்கு ஓட்டிப் போனபோது பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்றதால் உற்பத்தி தொடங்கியது. இன்ஜின் 12 சிலிண்டர். போர்க்கால இடைவெளியைக் கழித்தால் 1948 வரை மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம் கார்கள்தான். அடுத்து 1956-ல் மார்க் 2 வந்தது. விலை ஏறக்குறைய 10,000 டாலர். சுமார் 3,000 கார்களோடு, நஷ்டத்தில் நின்றது.

1958 முதல் 1960 வரை வந்தவை பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம். வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 131 அங்குலம், நீளம் ஐந்தே முக்கால் மீட்டர், பக்கமெல்லாம் மடிப்பு, சாய்ந்த ஹெட்லைட், உள்நோக்கிச் சரிந்த பின்கண்ணாடி. பம்பர் தொடங்கி டிக்கி வரை எதையாவது ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

1961 வடிவம் எல்வுட் ஏங்கலின் குழுவுடையது. அது லிங்கனுக்காக வரைந்ததே இல்லை, போர்டின் இன்னொரு காரான இரண்டு கதவு தண்டர்பேர்டுக்காக வரைந்தது. போர்டு நிறுவனத்தில் அப்போது மேலிடத்தில் இருந்த ராபர்ட் மக்னமாரா அதைப் பார்த்துவிட்டு, நான்கு கதவாக்கி லிங்கனாக விடலாம் என்றார். வீல்பேஸ் 123 அங்குலமாகக் குறைந்தது. நீளத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் அடி போயிற்று. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மாதிரி வண்டியில் பின்சீட்டிலிருந்து இறங்கும்போது பொறியாளர்களின் கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. வீல்பேஸை நீட்டினால் வடிவம் கெடும் என்பதால் கீலைப் பின்னால் கொண்டுபோனார்கள். கால் நேராக வெளியே வந்தது. பியட்டின் ஆபத்து இதிலும் உண்டு என்று தெரிந்ததால், கதவு சரியாக மூடாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்படி வைத்தார்கள்.

அந்தக் காரின் பக்கவாட்டில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஃபெண்டர் மேல்விளிம்பு ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை ஒரே கோடு, அதன் மேல் ஒரு பளபளப்புப் பட்டை, கீழே வெறும் தகரம். ஓசூரில் பிரஸ் டை வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வளைவைவிடத் தட்டைத் தகரம்தான் கழுத்தறுக்கும். மடிப்பு இருந்தால் சின்ன நெளிவு அதில் மறைந்துவிடும். இதில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலும் ட்யூப்லைட் பிரதிபலிப்பு அங்கே உடைந்து தெரியும். இப்படிப்பட்ட பேனலில் கேஸ் வெல்டிங் சூடு ஏற்றினால் தகரம் அலையடிக்கும். சுத்தியும், தகரத்துக்குப் பின்னால் தாங்கும் இரும்புக்கட்டையான டாலியும் வைத்துப் பள்ளத்தை முடிந்தவரை எடுத்த பிறகுதான் பட்டி, அதுவும் 2 மில்லிமீட்டருக்குள். உள்ளங்கையில் எமரி பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்தமே பள்ளமாகிவிடும். ஒன்றரை அடி நீள மரக்கட்டையில் ஒட்டி, குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்குமுன் மெல்லிசாகக் கறுப்புப் பெயின்ட் தூவிவிட்டால், கறுப்பு போகாத இடம் பள்ளம்.

கதவு இடைவெளி சரிசெய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. இரண்டு கதவும் நடுத் தூணிலேயே பூட்டுவதால் பின்கதவைத்தான் முதலில் பின்பக்கப் பேனலோடு பொருத்த வேண்டும். பிறகு அதற்கு ஒத்து முன்கதவு, கடைசியில் ஃபெண்டர். முன்னாலிருந்து ஆரம்பித்தால் தப்பெல்லாம் சேர்ந்து நடுவில் வந்து நிற்கும். தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக் பாடி என்பதால் இன்னொரு சோதனையும் அவசியம். ஜாக்கி போடுவதற்கு முன்பும் பின்பும் இடைவெளியை அளந்து பாருங்கள். மாறினால் கதவுக்குக் கீழே படிப்பெட்டி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கீலைத் திருகிப் பயனில்லை. துருவை வெட்டுவதற்கு முன்னால் கதவுச் சட்டத்தில் குறுக்கே குழாய் கொடுத்துக் கட்டாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும்.

கூரை மடியும் நான்கு கதவு கன்வர்ட்டிபிள் இன்னும் ஒரு படி மேல். தூண் கதவின் பாதி உயரத்தோடு நின்றுவிடும். பின்கதவைத் திறந்தால் அதன் கண்ணாடி தானாகச் சற்று இறங்கி ரப்பருக்கு வழிவிடும். கூரை மடியும்போது டிக்கி மூடி பின்விளிம்பில் கீல் வைத்து, வழக்கத்துக்கு எதிராகத் திறக்கும். இதற்கு மோட்டார், ஹைட்ராலிக் சிலிண்டர், ரிலே, லிமிட் சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. ஒரு வேலை முடிந்தது என்று லிமிட் சுவிட்ச் சொன்னால்தான் அடுத்தது நடக்கும். கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினில் கதவு சுவிட்ச் தொடவில்லை என்றால் ஸ்பிண்டில் சுற்றாது இல்லையா, அதே கதை. கூரை பாதியில் நின்றால் பம்பைக் கழற்ற ஓடாதீர்கள். பேட்டரி வோல்ட்டும் எர்த்தும் பார்த்துவிட்டு, கடைசியாக முடிந்த வேலையின் சுவிட்சைத் தேடுங்கள்.

அழகுக்குக் கீழே எடை இருந்தது. செடான் 2,200 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு அம்பாசிடர். 1961-ல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பு விட்டுப்போகும். 1965-ல்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது.

அதற்கு முந்தைய வருடமே வடிவத்தில் கைவைத்துவிட்டார்கள். 1964-ல் பின்சீட்டுக்காக வீல்பேஸ் 3 அங்குலம் கூடியது. உள்ளே அகலம் வேண்டுமென்று வளைந்த பக்கக் கண்ணாடிக்குப் பதில் தட்டைக் கண்ணாடி வந்தது. வருடம் கண்டுபிடிக்க இது சுலபமான அடையாளம். கன்வர்ட்டிபிள் 1967-லும் திருப்பிப் போட்ட கதவு 1969-லும் முடிந்தன. பிறகு தனி சேஸிஸ் வந்தது, வண்டி வீங்கியது. எழுபதுகளின் கடைசியில் நீளம் 233 அங்குலம், ஏறக்குறைய ஆறு மீட்டர். 1988-ல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறி, 2002-ல் பெயரே நின்றுபோனது.

2017-ல் பெயர் திரும்ப வந்தது. 80-வது ஆண்டுக்காக 2019 மாடலில் 80 கார்களை மட்டும் பழைய மாதிரிக் கதவோடு செய்தார்கள். 1961-ல் நீளம் போதாமல் வந்த அந்தக் கதவை இம்முறை பொருத்துவதற்காக, காரை வெட்டி 6 அங்குலம் நீட்டினார்கள்.