ஜீப் வேண்டாம் சிஸ்டர்

எனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்து பதினாறு வருடம் ஆகிறது. பெயர் போடவில்லை, ஊரும் போடவில்லை. சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பக்கம் ஒரு காபித் தோட்டத்து லைன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுங்கக்கா, எழுதுங்கக்கா என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ரொம்ப நாளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். புதிதாகத் தெரியவந்தவர்கள் போனில் தேடினால் ஒன்று பயமுறுத்துகிற கதை வருகிறது, இல்லையென்றால் மூலிகையில் குணமாக்குகிறேன் என்கிற விளம்பரம் வருகிறது. குணமாக்குகிற மூலிகை எதுவும் கிடையாது, அந்தக் காசை வீணாக்காதீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009 ஐப்பசி. இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையோடு எச்ஐவி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்திலும் ரத்தம் எடுத்தார்கள். மறுபடி வரச்சொல்லி, தனியாக உட்காரவைத்து, ஆலோசகர் அக்கா 'ரியாக்டிவ்' என்று சொன்னார். நான் "ரியாக்டிவ்னா நல்லதுங்களா?" என்று கேட்டேன். பிளஸ் டூ படித்தவள்தான், ஆனாலும் அப்படித்தான் கேட்டேன். அவர் நெகட்டிவ் என்றால்தான் நல்லது என்று விளக்க ஆரம்பித்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. வீட்டுக்காரர் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். அவருக்கும் எடுத்துப் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. பெரியவளுக்கு அப்போது நாலு வயது, அவளுக்கு இல்லை என்று வந்த அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அவரைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை. செத்துப்போன மனிதர், திட்டுவதெல்லாம் உயிரோடு இருக்கும்போதே திட்டி முடித்தாகிவிட்டது.

அரசாங்கம் 2004 ஏப்ரலிலிருந்து எச்ஐவி மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் நான் போன காலத்தில் வியாதி இருக்கிறது என்றவுடனே எல்லாருக்கும் மருந்து தொடங்க மாட்டார்கள். சிடி4 என்ற ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, அது குறைந்தவர்களுக்குத்தான் தொடங்குவார்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் எல்லாருக்கும் மருந்து என்பது 2017-ல்தான் வந்தது. எனக்கு எண்ணிக்கை 170. குறைந்துவிட்டதே என்று அழுதேன், குறைந்ததால்தான் மருந்து கிடைத்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

மருந்து கிடைப்பது சேலத்தில், பெரியாஸ்பத்திரி ஏஆர்டி மையத்தில். வயிற்றில் பிள்ளையோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, சளி இருக்கிறதா காசநோய் இருக்கிறதா என்று பார்த்து, ரத்தம் கொடுத்து, மருந்தை விடாமல் சாப்பிடுவேன் என்று ஆலோசகருக்கு நம்பிக்கை வரும்வரை இரண்டு மூன்று தடவை பேசிவிட்டு வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. கூட வருகிற ஆள் ஒருத்தர் வேண்டும் என்றும் கேட்டார்கள். வீட்டுக்காரர் லாரியில் போய்விட்டார். யாரைக் கூட்டிப்போவது?

இந்த இடத்தில்தான் சிஸ்டர் வந்தார். நர்ஸ் இல்லை, கன்னியாஸ்திரி. சர்ச் சார்பில் நடந்த ஒரு சமூக சேவை அமைப்பு, மலைக்கிராமங்களில் தையல் வகுப்பு, மகளிர் குழு என்று வைத்திருந்தது, அதில் எச்ஐவி வேலையையும் சேர்த்துச் செய்தது. உங்கள் விவரத்தை அவர்களிடம் சொல்லலாமா என்று நம்பிக்கை மைய அக்கா என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அவர் அப்படிக் கேட்டதைப் பிற்பாடு நான் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கேட்காமலே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். முதல் நாள் பஸ்ஸில் என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து "கரையாத மக்களே" என்றார். என்ன கரைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் ஊரில் கரைவது என்றால் அழுவது என்று அடிவாரம் வந்த பிறகுதான் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

மருந்து தொடங்கியபோது சிஸ்டர்கள் நடத்திய பராமரிப்பு மையத்தில் ஐந்து நாள் தங்கவைத்தார்கள். திட்டப் பணத்தில் நடந்த சின்ன மையம், ஒரு சில கட்டில்தான். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, ஒரு முட்டை. அதே மாத்திரையை அஞ்சாறு வருடமாகச் சாப்பிடுகிற ஒரு அம்மாவை அங்கேதான் பார்த்தேன். மேச்சேரிப் பக்கத்துக்காரர், தறி ஓட்டுகிறவர், குண்டாக இருந்தார். எச்ஐவி வந்தவர் குண்டாக இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது! ஆலோசகர் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாத விஷயம் அவர் இடுப்புச் சதையைப் பார்த்ததும் மண்டையில் ஏறியது.

மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாதத்துக்கு அறுபது. அதில் மூன்று வேளைக்கு மேல் தவறக் கூடாது, தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார்கள். அடுத்த தடவை போகும்போது டப்பாவைக் கொண்டுபோக வேண்டும், மிச்சத்தைக் கொட்டி எண்ணுவார்கள். என் பிரச்சினை அது இல்லை. டப்பா பிளாஸ்டிக் டப்பா, பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் பைக்குள் கிலுகிலு என்று கிலுகிலுப்பை மாதிரி சத்தம். பக்கத்து சீட்டில் எங்கள் எஸ்டேட் ஆள். சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு கை பஞ்சை எடுத்து டப்பாவுக்குள் அடைத்து, மூடி, காதோரம் வைத்து ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. மேலே ஒட்டியிருந்த லேபிளையும் உரித்துவிட்டேன். இப்போதும் என் பையில் ஒரு பஞ்சுச் சுருள் இருக்கிறது.

சரி, ஜீப்புக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதத்திலிருந்து எங்களுக்குச் சத்துமாவு, பாசிப்பயறு, எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளை ஜீப், கதவில் சிலுவை, அமைப்பின் பெயர் பெரிய எழுத்தில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது நாலைந்து வீட்டு வாசலில்தான் நிற்கும். ஒரு வீட்டில் ஆள் இளைத்து இளைத்துச் செத்திருந்தார், இன்னொரு வீட்டில் புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் அடிக்கடி சேலம் போய்வந்தார்கள். குழாயடிப் பெண்களுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டே மாதத்தில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் நான் வைத்த குடத்தை யாரோ காலால் தள்ளி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா குழம்பு கிண்ணம் அனுப்புவதை நிறுத்தினார். காபிப் பழம் பறிக்கும்போது மேஸ்திரி எனக்கு மட்டும் தனி வரிசை கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த தடவை ஜீப் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. பின்பக்கமாக வந்த சிஸ்டரிடம் "ஜீப் வேண்டாம் சிஸ்டர். மாவும் வேண்டாம். நீங்க நல்லதுதான் செய்றீங்க, ஆனா ஊருக்கே நீங்கதான் சொல்லிட்டீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு பேசியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது, இருந்தாலும் சொன்னது சரிதான், இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன். உதவி செய்ய வருகிறவர்கள் எதில் வந்து இறங்குகிறார்கள் என்பதும் உதவியில் சேர்த்திதான்.

பத்து நாள் கழித்து பஸ்ஸில் வந்து, மூன்று கிலோமீட்டர் குடையோடு நடந்து, கையில் ஒரு நீள நோட்டு வைத்துக்கொண்டு வந்தார். ஆடு கொடுக்கும் திட்டம். ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டை ஆடு, முதல் ஈற்றுக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் இருபது குடும்பத்துக்கு எழுதினார், அதில் எங்களைப் போன்றவர்கள் நாலே பேர். என் குடத்தைத் தள்ளிய வீட்டுக்கும் ஆடு கிடைத்தது, எனக்கு எரிச்சல்தான். ஆனால் அதன்பிறகு சிஸ்டர் யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்டைப் பார்க்கப் போகிறார் என்றாகிவிட்டது. எச்ஐவிக்காக வந்த பணத்தில் எல்லாருக்கும் ஏன் ஆடு என்று மேலே கேட்டிருப்பார்கள், பயனாளிப் பட்டியல் என்று ஒன்று உண்டே. கணக்கில் எப்படிக் காட்டினார் என்று நான் கேட்கவில்லை.

பிரசவம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். கட்டிலின் தலைமாட்டில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டினார்கள். சிஸ்டர் வந்து அதைக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் நர்ஸைப் பார்த்தார், அவ்வளவுதான். பையன் பிறந்ததும் அவனுக்குக் கிருமி தொற்றாமல் இருக்க நெவிரபின் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அப்புறம் பால். ஒன்று ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், இல்லையென்றால் டப்பா பால் மட்டும், இரண்டையும் கலக்கவே கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். வேறு எதையாவது கொடுத்தால் குழந்தையின் குடல் புண்ணாகி, அந்த வழியாகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு அதிகமாம். டப்பா பாலுக்கு எங்களிடம் வசதி இல்லை, கொதிக்கவைத்த சுத்தமான தண்ணீருக்கும் வசதி இல்லை, அதனால் தாய்ப்பால் என்று முடிவாயிற்று. ஆனால் என் மாமியார் சேனை வைக்கத் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நிற்கிறார். கழுதைப்பாலுக்கு வேறு ஆள் சொல்லிவிட்டிருந்தார். அவருக்கு எங்கள் வியாதி தெரியாது. வேண்டாம் என்றால் ஏன் என்பார்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் காதில், "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் நாக்குல வைக்கிறதில்லன்னு சேர்வராயனுக்கு நேர்ந்திருக்கேன்னு சொல்லிருமா" என்றார். ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த நேர்த்திக்கடன்! மாமியார் உடனே தேன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார், சேர்வராயன் பெயருக்கு எங்கள் மலையில் மறுபேச்சு கிடையாது. ஆறு மாதம் அவரே காவல் இருந்தார், யாராவது பிள்ளை வாயில் விரல் வைத்தால் சத்தம் போட்டார். வைகாசித் திருவிழாவுக்குக் குகைக்கோயிலுக்குப் போய் நேர்ந்ததைச் செலுத்திவிட்டும் வந்தேன். மதம் மாற்றினார்களா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு, அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். கூட்டத்தில் ஜெபம் சொல்வார்கள், எழுந்து நிற்பேன், அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. ஒன்றரை வயதில் பையனுக்குக் கடைசிப் பரிசோதனை. நெகட்டிவ்.

2012-ல் வீட்டுக்காரர் செத்துப்போனார். காசநோயும் சேர்ந்துகொண்டது, மருந்தை லாரியில் மறந்து மறந்து விட்டவர். விதவை ஓய்வூதியத்துக்கு அலைந்தபோது ஒரு அலுவலகத்தில், பத்துப் பேர் நிற்க, "என்ன வியாதியில செத்தார்?" என்று சத்தமாகக் கேட்டார்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதரவு இல்லை என்பதற்கான விசாரணை, இவை போதும், என்ன வியாதி என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை என்று சிஸ்டர் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். நெஞ்சு சளி என்றேன். அப்போது மாதம் 1000 ரூபாய், 2023-ல் 1200 ஆக்கினார்கள்.

அப்புறம் எல்லாம் சட்டென்று முடிந்தது. 2013 வாக்கில் பராமரிப்பு மையங்களுக்கு வந்துகொண்டிருந்த திட்டப் பணம் நின்றது, கட்டில்களை மடக்கினார்கள். சிஸ்டருக்கு மாற்றல் வந்தது, சபை சொன்னால் போய்த்தானே ஆகவேண்டும். மருந்து நிற்கவில்லை, அது அரசாங்க மருந்து. கூட வர ஆள்தான் இல்லாமல் போனது. நாங்கள் நாலு பேரும் ஒரே தேதியில் மருந்து வாங்கப் போவது என்று பேசிவைத்துக்கொண்டோம், ஒருத்தி எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், மூன்று பேர் போவோம். கட்டில் இல்லாத ஆதரவு மையங்கள் விஹான் என்ற பெயரில் வந்தபோது களப்பணிக்கு ஆள் கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன். கொரோனா ஊரடங்கில் மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தார்களே, அதை எடுத்துக்கொண்டு குப்பனூர் வழியாக மலையேறி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன், சர்ச் இளைஞர்கள் பைக் ஓட்டினார்கள். பைக்கில் எந்தப் பெயரும் எழுதியிருக்கவில்லை, நான்தான் முதலில் அதைப் பார்த்தேன்.

இப்போது தொடங்குகிறவர்களுக்குப் பாடு குறைவு. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கல்யாணம் பண்ணலாமா என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 2017-ல் போட்ட எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும், அதைக் காட்டி வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஒதுக்குவதும் அந்தச் சட்டப்படி தப்பு. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்லத் தேவையில்லை. மருந்துக்குப் போகும்போது சிகிச்சை விவரம் எழுதியிருக்கிற பச்சை நோட்டை மறக்காதீர்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

என் பெரியவள் நர்சிங் படிக்கிறாள், அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் என் பச்சை நோட்டை எடுத்து முழுசாகப் படித்தாள். சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை. பத்தாவது முடியட்டும் என்று தள்ளுகிறேன், அதற்கு முன்னால் ஒன்பதாவது முடியட்டும் என்று தள்ளினேன். ராத்திரி ஒன்பது மணி ஆனால் அவன்தான் "அம்மா, மாத்திரை" என்று தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைக்கிறான். பிரஷர் மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.