எடை அசையல, பேன்ட் லூசாயிடுச்சு

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைங்க என்று டாக்டர் சொன்னதும், ஊரே செய்வதைப் போல நானும் கோவை ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்; தினமும் இரண்டு சுற்று. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது, தூக்கம் நன்றாக வந்தது. எடை மட்டும் 78 கிலோவை விட்டு நகரவே இல்லை.

கணக்குப் போட்டால் புரியும். என் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 250, 300 கலோரி செலவாகும். "நடந்துட்டு வந்திருக்கீங்க, இன்னும் ரெண்டு போட்டுக்கோங்க" என்று வீட்டில் வைக்கிற தோசையும் தேங்காய்ச் சட்னியும் அதை நேர் செய்துவிடும். போதாததற்கு ஆபீஸில் கால் தானாக லிஃப்ட் பக்கம் போகும், மதியம் கண் செருகும். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்களை அளந்து, அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவாரசியம்: அவ்வளவு நடக்கும் அவர்களும் மேலைநாட்டுக்காரர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், ஒரு நாளில் எரிப்பது கிட்டத்தட்ட ஒரே அளவுதானாம்!

நடையை விடவில்லை. கூடவே எடை தூக்க ஜிம்முக்கும் போனேன். முதல் வாரம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) அடித்த மறுநாள், வண்டியிலிருந்து இறங்கவே கைப்பிடிச் சுவர் வேண்டியிருந்தது. எடையோ ஒரு கிலோ ஏறியது. "தண்ணிங்ணா, பயப்படாதீங்க" என்றார் மாஸ்டர். சரிதான். வேலை வாங்கிய தசை வீங்கும், கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பையும் சேர்த்துவைக்கும்; அதில் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீராவது ஒட்டிக்கொண்டு வரும். அங்கிருந்த கொழுப்பு காட்டும் மெஷினும் லேசான மின்சாரம் பாய்ச்சி, உடம்பிலுள்ள தண்ணீரை வைத்துத்தான் கணிக்கிறது. காலையில் ஒன்று சொல்லும், சாயங்காலம் வேறொன்று சொல்லும். நான் நம்பியது தையல்காரர் டேப்பை.

சாப்பாட்டில் செய்தது கொஞ்சம்தான்: மதியச் சோறு பாதி, கூட இரண்டு முட்டை, மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். சில மாதங்களில் எடை 75, மூன்றே கிலோ. இடுப்புச் சுற்றளவு மட்டும் 98 சென்டிமீட்டரிலிருந்து 92க்கு வந்துவிட்டது. கொழுப்பு போன இடத்தில் கொஞ்சம் தசை வந்திருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது. நம்மூர் ஆண்களுக்கு இடுப்பு 90க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இன்னும் இரண்டு சென்டிமீட்டர் பாக்கி.