மூன்று பலகை, ஒரு புரொப்பல்லர்

மார்ச் 3, ஞாயிறு

மூன்று பைன் பலகைகளைப் பசை தடவி ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. ரைட் சகோதரர்கள் 1903-இல் தங்கள் விமானத்துக்குச் செய்த புரொப்பல்லரின் (விமானத்தை உந்தும் சுழல்விசிறியின்) நாலில் ஒரு பங்கு அளவு மாதிரி இது. அவர்களுடையது எட்டரை அடி. என்னுடையது இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். அவர்களும் மூன்று பலகைதான் ஒட்டினார்கள், ஸ்புரூஸ் மரத்தில்.

மார்ச் 6, புதன்

பசை காயட்டும் என்று இன்று படிப்பு மட்டும். கப்பல் புரொப்பல்லர் புத்தகங்களில் கணக்கு கிடைக்கும் என்று நம்பி அண்ணனும் தம்பியும் தங்கள் ஊரான டேட்டன் நூலகத்தில் தேடியிருக்கிறார்கள். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் புரொப்பல்லரைச் சுழலும் இறக்கையாகவே பார்த்தார்கள். இறக்கைக்கான அளவுகள் கைவசம் இருந்தன. 1901-இல் சொந்தமாகச் செய்த காற்றுப் பெட்டியில், சிறு இறக்கைகள் மேல் காற்று வீசச் செய்து எடுத்தவை. நுனி வேகமாகப் போகும், நடுப்பக்கம் மெதுவாகப் போகும். அதனால் இடத்துக்கு இடம் கோணம் மாற வேண்டும். பிளேடில், அதாவது புரொப்பல்லரின் ஒவ்வொரு கையிலும், முறுக்கு வந்தது அப்படித்தான். எஞ்சினிலிருந்து வந்து சேர்ந்த சக்தியில் சுமார் முக்கால் பங்கை அந்த புரொப்பல்லர் உந்துவிசையாக்கியது. அவர்கள் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் கணக்குதான்.

மார்ச் 10, ஞாயிறு

காலையிலிருந்து செதுக்கல். அவர்களுக்குக் கைக்கோடாலியும், இரண்டு பக்கமும் பிடி வைத்த இழைப்புக் கத்தியும். எனக்கு உளியும் அரமும்.

மரம் குறையக் குறைய, பலகை ஒட்டிய கோடுகள் பிளேடின் மேல் வளைந்து வளைந்து வெளியே வருகின்றன, வரைபடத்தில் மலைக்குப் போடும் உயரக் கோடு மாதிரி. ஒரு பிளேடில் கோடு எங்கே திரும்புகிறதோ, மற்றதிலும் அங்கேயே திரும்ப வேண்டும். என் வலது பிளேடில் அரை விரல் தள்ளித் திரும்புகிறது! கேலிப்பர் வைத்தால் தடிமன் சரியாக இருக்கிறது. முழு பிளேடுமே கொஞ்சம் இறங்கிவிட்டது என்று கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. சாயங்காலம் வரை அரம்தான்.

மார்ச் 11, திங்கள்

நுனி பிளக்காமல் இருக்க அவர்கள் மெல்லிய துணி ஒட்டினார்கள், நானும் ஒட்டினேன். 1903 நவம்பரில், பறந்து பார்க்கப் போன கிட்டி ஹாக்கில் அவர்களைப் படுத்தியது மரம் இல்லை, புரொப்பல்லர் தண்டு. புதிய எஃகுத் தண்டுக்காகத் தம்பி ஆர்வில் டேட்டன் வரை போய் வந்தார். டிசம்பர் 17 அன்று பறந்தார்கள்.

நடுத்துளையில் கம்பி கோத்து, இரண்டு கத்தி முனைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் மெதுவாகக் கீழே இறங்குகிறது. வலது பிளேடுக்கு இன்னொரு கை வார்னிஷ் பூசியிருக்கிறேன். காய்ந்ததும் மறுபடி தூக்கி வைக்க வேண்டும்.