குடி உள்ள ஊர், குடி இல்லாத ஊர்

வரைபடத்தில், நடுவில் புள்ளி வைத்த வட்டம் என்றால் மக்கள் வாழும் நகரம். விட்டு விட்டுப் போட்ட வட்டம் என்றால் பாழடைந்த நகரம். இதில் வாக்குவாதம் வர என்ன இருக்கிறது?

ஆச்சி எழுதிய மாய உலக நாவலுக்கு வரைபடம் போடுவது நான். அந்த உலகத்தின் வடகோடியில் ஒரு நகரம் இருக்கிறது. நாயகன் பாதிக் கதை வரைக்கும் அதைத் தேடித்தான் நடக்கிறான். போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. வரைபடமோ புத்தகத்தைத் திறந்ததும் வருகிறது. அங்கே விட்ட வட்டத்தைப் போட்டால் குட்டு உடைந்துவிடும். “புள்ளி வச்ச வட்டமே போடுங்க தம்பி” என்றார் ஆச்சி. முடியாது என்றேன்.

மலைக்கும் காட்டுக்கும் விளக்கம் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். பார்த்தால் தெரியாததற்குத்தான் ஓரத்தில் குறி விளக்கப் பெட்டி. அதில் இருப்பதே நாலு வரி. அந்த நாலில் ஒன்று பொய் என்று தெரிந்தால், அடுத்த பாகத்தில் நான் போடும் எதை நம்புவார்கள்? நிஜ ஊர் என்றால் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். இல்லாத உலகத்துக்குப் படம் மட்டும்தான் சாட்சி. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் குறிக்கு நான் பட்ட பாடும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை அச்சு, சொரசொரப்பான தாள். இடைவெளிகளில் மை பரவி, விட்ட வட்டம் முழு வட்டமாகவே வந்து நின்றது. கோட்டை மெலிதாக்கினால் வட்டமே காணாமல் போனது. கடைசியில் நாலே துண்டாக வெட்டி, இடைவெளியைக் கோட்டின் தடிமனைப் போல மூன்று மடங்கு வைத்த பிறகுதான் பிழைத்தது.

ஆச்சி கோபப்படவில்லை. அவருக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். “சரி, கானாடுகாத்தான்ல எங்க தெருவுக்கு என்ன குறி போடுவிய?” என்று கேட்டார்.

அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் நில வரைபடத் தாள்களில் ஊர் என்றால் இரண்டு வகை: குடி உள்ளது, கைவிடப்பட்டது. ஆச்சியின் தெருவில் முக்கால்வாசி வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் திறப்பார்கள். அன்றைக்கு இரண்டாங்கட்டில் இலை போட இடம் இருக்காது. மறு வாரம் போனால் காவல்காரர் மட்டும் முகப்பில் உட்கார்ந்திருப்பார். “அது வேற, ஆச்சி” என்றேன். என்ன வேறு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

பிறகு யோசித்தால், அந்தக் கேள்வி அவர் கட்சிக்கும் உதவாது. நாவல் நகரத்துக்குப் படைப்புக்கு வருவதற்குக்கூட ஆள் கிடையாது. அது விட்ட வட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது. எந்தக் குறியும் ஒரு நாளைய நிலவரம்தானே? அதனால்தான் சர்வே தாளில் அளந்த ஆண்டையும் அச்சிடுகிறார்கள்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் வழி சொன்னேன். அந்த உலகத்து ஆள் ஒருவர், நகரம் அழிவதற்கு முன்னால் வரைந்த படம் இது. தலைப்புப் பெட்டியில் அந்தக் காலத்து அரசரின் ஆட்சி ஆண்டு இருக்கும். அப்படியானால் புள்ளி வைத்த வட்டம் பொய்யில்லை. ஆச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “வருஷத்தை மட்டும் கொஞ்சம் பொடி எழுத்தாப் போடுங்க” என்றார். போட்டேன். பொடி எழுத்தில் சொன்ன உண்மை எந்தக் கணக்கில் சேரும்? பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டோமோ என்று. இதற்கிடையில், படத்தில் பாழ் நகரமே இல்லாமல் போனதால் விளக்கப் பெட்டியில் அந்த வரியையும் எடுத்துவிட்டேன். நாலு துண்டு வட்டம் கோப்பில் சும்மா கிடக்கிறது.

இரண்டாம் பாகத்துக்கான ஊர்ப் பட்டியலை அனுப்பியிருக்கிறார். ‘குடி உண்டா’ என்று நான் கேட்டிருந்த கட்டத்தில் இரண்டு ஊருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியவில்லை. இப்போதைக்கு அந்த இரண்டுக்கும் குறி போடாமல் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.