பத்தாவது பாட்டு

ஜூன் 2

பத்து நாள், பத்துப் பாட்டு. பெரியக்கா காலையிலேயே குரூப்பில் விதிகளைப் போட்டுவிட்டாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒரே இசையமைப்பாளர் இரண்டு தடவைக்கு மேல் வரக் கூடாது. ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ‘சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்’ என்பதெல்லாம் காரணமாக ஏற்கப்படாதாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாவது நாள் பதினொன்றாம் தேதி. அடுத்த நாள் பன்னிரண்டு, எனக்கு இடது காதில் ஆபரேஷன். வேண்டுமென்றேதான் செய்தாயா என்று அவளிடம் கேட்கவில்லை.

என் முதல் பாட்டு ‘பூங்கதவே தாழ் திறவாய்’. 1980இல் வந்தது. காரணம் என்று எழுதியது: தீபன் சக்கரவர்த்தி, உமா ரமணன் இரண்டு பேரையும் இன்னும் நிறையப் பாட வைத்திருக்கலாம் என்ற ஆதங்கமும் சேர்ந்தே கேட்கிறது. எட்டு இதயம் வந்தது. நல்ல தொடக்கம். கௌரவமான பாட்டு.

ஜூன் 3

சித்தப்பா எதைப் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதையேதான் போட்டார். ‘ராக்கம்மா கையத் தட்டு.’ கூடவே அந்தக் கதையும். 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டுக்காக உலகத்தின் சிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டெடுத்தது. இந்தப் பாட்டுக்கு நாலாவது இடம். சித்தப்பா அப்போது மூன்று மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஓட்டுப் போட்டவர். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெருமை குறையவில்லை.

“முதல் இடம் எது சித்தப்பா?” என்று தம்பி கிளறினான்.

அயர்லாந்து நாட்டுப்பற்றுப் பாட்டு. ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’, வுல்ஃப் டோன்ஸ் குழு பாடியது. எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. “அவங்க ஒவ்வொருத்தரும் முப்பது முகவரி வெச்சிருந்திருப்பாங்க” என்று சித்தப்பா பதில் போட்டார். தம்பியின் ‘பொஹீமியன் ராப்சடி’ அதே பட்டியலில் பத்தாவது. அதற்காகவே இன்று அவன் அதைப் போட்டான். குவீன் குழு, 1975, ஆறு நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைவு, பல்லவி என்று திரும்பி வரும் எதுவுமே கிடையாது. காரணம் எழுத அவனுக்கு நாலு வரி ஆனது. அக்கா இரண்டை வெட்டச் சொன்னாள்.

நான் கேட்டுப் பார்த்தேன். இடது பக்கம் பாதிப் பாட்டைக் காணோம்.

ஜூன் 4

காதுக்குள் இரைச்சல் இன்று ஐந்தரைக் கட்டையில். சுருதிப் பெட்டி மாதிரி நிற்காமல். பாடத்தான் ஆள் இல்லை.

ஜூன் 5

மறுபடியும் அந்தச் சின்ன அறை. கதவை மூடினால் என் மூச்சே சத்தமாக இருக்கிறது. ‘பீப்’ கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கேட்காமலே இரண்டு தடவை அமுக்கினேன், பரீட்சையில் ஒரு மார்க்காவது கிடைக்கட்டும் என்கிற மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தபடி தலையை ஆட்டினாள். கண்டுபிடித்துவிடுவார்கள் போல.

படத்தில் இரண்டு கோடு. காற்று வழியாக எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று, எலும்பு வழியாக எவ்வளவு என்பது இன்னொன்று. வலது காதில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு போகின்றன. இடது காதில் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. டாக்டர் அந்த இடைவெளியைப் பேனாவால் தட்டி, “இதைத்தான் மூடப் போகிறோம்” என்றார்.

அப்புறம் இசைக்கவையை முழங்கையில் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தக் காதில் கேட்கிறது என்றார். இடது என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கெட்ட காதில்! நல்ல காதில் ஒன்றும் இல்லை, கெட்ட காதுக்குள் ‘ம்ம்ம்’ என்று கோயில் மணி அடங்குகிற மாதிரி ஒலிக்கிறது. உள் காது பழுதில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்றார். வெளிச் சத்தம் உள்ளே வராததால், எலும்பு வழி வருவது அங்கே பெரிதாகக் கேட்கிறதாம். உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு, அங்கவடி எலும்பு, மூன்று மில்லிமீட்டர் சொச்சம், அது அசையாமல் இறுகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

நூற்றில் ஒருவருக்கு இருப்பதும் போய்விடலாம் என்று கையெழுத்துப் போடும் தாளில் இருக்கிறது. பட்டியலில் நூற்றுக்கு ஒன்று என்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்றைய பாட்டை அனுப்ப மறந்துவிட்டேன். நாளைக்கு இரண்டு.

ஜூன் 6

மத்தியானம் முழுக்க ஒரே வேலை. இயர்போனை மாற்றி மாற்றிப் போடுவது.

ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் சில வாத்தியங்களை இடது பக்கமும் சிலவற்றை வலது பக்கமும் ஒதுக்கிவைத்திருப்பார்கள். இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டினால், இத்தனை நாள் காணாமல் போயிருந்த வயலின்கள் வந்து நிற்கின்றன, இருந்த கிடார் போய்விடுகிறது. வீட்டில் பாதிப்பேர் வெளியே போனால்தான் மீதிப்பேர் உள்ளே வர முடியும் என்கிற மாதிரி. போனில் மோனோ என்று ஒரு வசதி இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் தந்துவிடும். போட்டுப் பார்த்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், ஆனால் ஒருவர் மடியில் ஒருவர். அணைத்துவிட்டேன்.

இடது காதில் முதலில் போனது அடித்தளச் சத்தம். தாளம் இருக்கிறது, அது நிற்கிற தரை இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். போன வருடம் நான் அதிகம் கேட்ட பாட்டு எது என்று போனே கணக்கு வைத்திருக்கிறது. முதல் இடத்தில் அந்தப் பாட்டு. இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். அது எது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கும்மாங்குத்து என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வரிகளுக்கு அர்த்தம் தேடினால் நமக்குத்தான் அவமானம்.

இன்று அனுப்பியது: ‘இளைய நிலா’, ‘நெஞ்சம் மறப்பதில்லை’. கௌரவம் காப்பாற்றப்பட்டது.

ஜூன் 7

சண்டை. தம்பி ‘மண்ணில் இந்தக் காதல்’ போட, அந்தச் சரணத்தை மூச்சு விடாமல் பாடியதா, துண்டு துண்டாகப் பதிவுசெய்து ஒட்டியதா என்று கிளம்பிவிட்டது. சித்தப்பாவுக்கு எஸ்.பி.பி.யைப் பற்றி யாராவது ஒட்டு, வெட்டு என்று பேசினால் ஆகாது. தானே பாடிக் குரல் பதிவு அனுப்பினார். பாதியில் இருமல். “மைக் சரியில்லை” என்று பின்குறிப்பு.

எனக்கென்னவோ ஒட்டியிருந்தால்தான் இன்னும் அதிசயம். ஒட்டின இடம் தெரியவில்லையே.

ஜூன் 8

அத்தை ‘சிங்கார வேலனே தேவா’ போட்டிருக்கிறார். 1962. எஸ். ஜானகியும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும். காரணமாக ஒரே ஒரு வரி: “உங்கம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு.”

அம்மா அதிர்ந்து பேசமாட்டாள் என்று ஊரே சொல்லும். எங்களுக்கும் பெருமைதான். குரலை உயர்த்தாத அம்மா. போன வாரம் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி, “நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று யாராவது சொல்கிறார்களா?” இப்படிக் காது அடைத்தவர்களுக்குச் சொந்தக் குரல் எலும்பு வழியே உள்ளுக்குள் பெரிதாகக் கேட்கும், அதனால் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, இது பரம்பரையாக வருவதுண்டு என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரேடியோவில் எது பாடினாலும் அம்மா கையில் இருந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பாட்டு வந்தால் மட்டும் கை நின்றுவிடும். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, வலது பக்கமாகத் திருப்பி. எப்பேர்ப்பட்ட ரசனை என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். ரசனைதான். ஆனால் அவளை எட்டும் அளவுக்குச் சத்தமாக வந்ததும் அந்த நாகஸ்வரம் ஒன்றுதானோ?

டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும்: இருந்தது என்று.

இன்று ஒன்றும் அனுப்பவில்லை.

ஜூன் 9

பெரியக்கா எங்களையெல்லாம் விண்வெளிக்கே கொண்டுபோய்விட்டாள். வாயேஜர் விண்கலங்களில் 1977இல் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டு ஒன்று இருக்கிறது, ‘ஜாத் கஹாங் ஹோ’, பைரவியில். அதைப் போட்டாள். மொத்தப் பூமிக்கும் சேர்த்துத் தொண்ணூறு நிமிட இசைதான் அதில் இடம். பிபிசி வானொலியில் 1942இல் தொடங்கி இன்னும் ஓடுகிற ஒரு நிகழ்ச்சியில், ஆளில்லாத் தீவுக்குப் போவதாக வைத்துக்கொண்டு விருந்தினர் எட்டு இசைத்தட்டு தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டுதான். அவர்களே எட்டோடு நிறுத்திக்கொள்கிறபோது எங்களுக்குப் பத்து அதிகமோ என்னவோ.

ஒன்று கவனித்தேன். வேற்றுக்கிரகவாசிக்கு அனுப்பும்போதும் தீவுக்குப் போகும்போதும் குரூப்பில் போடும்போதும் ஆள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறான். விருந்தாளி வரும் நாளில் வீட்டை ஒழுங்குபடுத்துவதுபோல. அழுக்குத் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில். என் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன், எட்டுப் பாட்டு ஆகிவிட்டது. ஒன்றில்கூட நான் தனியாக இருக்கும்போது ஆடியதில்லை.

பதின்மூன்று வயதில் அந்தப் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். அந்த வயதில் கேட்டதுதான் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லி என்ன, குரூப்பில் செல்லாது. அக்கா விதி.

ஜூன் 10

காது கேட்காமல் போன பீத்தோவன் பேச்சை யாரும் என்னிடம் எடுக்கக் கூடாது. மாமா எடுத்தார்.

ஜூன் 11

பத்தாவது பாட்டைத் தவிர எல்லாம் ஆயிற்று. பை எடுத்துவைத்தாயிற்று. கம்மலைக் கழற்றியாயிற்று.

இடது காதால் கடைசியாகக் கேட்கும் பாட்டு எதுவாக இருக்க வேண்டும் என்று சாயங்காலத்திலிருந்து மூளை போட்டுப் பிசைகிறது. நூற்றில் ஒன்று. சரி, ஒன்றுதான். ஆனால் அந்த ஒருவருக்கு அது நூற்றில் நூறு. அம்மாவின் நாகஸ்வரம் என்று தீர்மானித்து வைத்தேன், இரண்டு நிமிடத்தில் அழுகை வந்தது, நிறுத்தினேன். ‘பூங்கதவே’ வைத்தேன். மனசு ஒட்டவில்லை. பதினொன்றரைக்கு அக்கா தனியாக ஒரு செய்தி: “பத்தாவது எங்கடி?” தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி செய்து, அழித்து. அவளுக்கு அந்த மூன்று புள்ளி தெரிந்திருக்கும்.

“வந்து சொல்றேன்க்கா” என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 13

மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி மட்டும். முகத்தின் மேல் துணி. உள்ளே யாரோ சுவரைச் சுரண்டுகிற சத்தம், அந்தச் சுவர் நான்.

அங்கவடி எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை போட்டு அதில் பிஸ்டன் என்கிற குட்டித் தண்டு. டெஃப்லானில் செய்த செயற்கை எலும்பை முதலில் வைத்தது 1956இல் என்று படித்திருந்தேன். அறுபது எழுபது வருடமாகச் செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் படித்தது. மேஜையில் அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது அந்தப் பாட்டு.

நானாக நினைக்கவில்லை. தானாகவே வந்தது. பல்லவி, முதல் சரணம், இரண்டாவது சரணத்தின் முதல் வரி. அடுத்த வரி வரவில்லை. மறுபடி பல்லவியிலிருந்து. மறுபடி அந்த இடத்தில் முட்டி நின்றது. நாற்பது நிமிடம் அந்த அபத்த வரியைத் தேடிக்கொண்டு கிடந்ததில் நூற்றில் ஒன்று மறந்தே போனது. நடுவில் டாக்டர் ஏதோ கிசுகிசுத்தார். “கேட்கிறதா?” என்பது கேட்டது. எந்தக் காதில் என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள்.

நேற்று முழுக்க அறை சுற்றியது. இன்று பரவாயில்லை.

ஜூன் 15

நாக்கின் இடது பாதியில் இரும்பு ருசி. சுவை நரம்பு ஒன்று காதுக்குள் வழியாகத்தான் போகிறதாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வருமோ என்ற பயத்திலேயே தும்மல் வருகிறது.

குரூப்பில் மற்ற எல்லோரும் முடித்துவிட்டார்கள். சித்தப்பாவின் பத்தாவதும் இளையராஜா. மூன்றாவது தடவை. விதிமீறல். இது வேறு காலகட்டத்து ராஜா என்று வாதம் ஓடுகிறது.

ஜூன் 16

இரண்டாவது சரணத்தின் அடுத்த வரி ஞாபகம் வந்துவிட்டது. இதற்கா அவ்வளவு பாடு.

ஜூன் 19

பஞ்சை எடுத்துவிட்டார்கள். சரியான கணக்கு ஆறு வாரம் கழித்து அந்தச் சின்ன அறையில்தான் தெரியும், அதுவரை இயர்போன் வேண்டாம் என்றார்கள். வெளியே வந்ததும் யாரோ பிளாஸ்டிக் பையைக் கசக்கினார்கள், துள்ளிவிட்டேன். எல்லாக் குரலும் தகரத்தில் பேசுகிற மாதிரி. என் குரலும்தான். அது வெளியிலிருந்து வருகிறது!

தம்பியின் ஸ்பீக்கரை அறைக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் குறைத்து, வலது காதை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன். தகர டோலக், தகரக் குரல். ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பேஸ் கிடார். பல்லவியில் சும்மா கூட வருகிறது. சரணத்தில் மற்ற எல்லோரும் கூத்தடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் தன்பாட்டுக்கு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், வரி முடிகிற இடத்தில் சரியாக ஏறி வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று எவருக்குமே அவசியமில்லை. யாரோ மெனக்கெட்டிருக்கிறார். வலது காதால் இத்தனை வருடமும் கேட்டதுதானே, கவனித்ததேயில்லை.

பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன். காரணம் இரண்டு வரி வேண்டும். முதல் வரி எழுதியாயிற்று. இரண்டாவதற்கு முன்னால் அந்தச் சரணத்தை இன்னொரு தடவை